மிட்லோதியன் நிலக்கரிச் சுரங்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் கோட்டைக்குப் போவார்கள், பழைய நகரத்தின் கல் சந்துகளில் நடப்பார்கள். அந்தக் கல் சுவர்களில் படிந்திருக்கும் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அது கரிப்புகை. அந்தக் கரியில் பெரும் பங்கு நகரத்தின் எல்லையை ஒட்டியே இருக்கும் மிட்லோதியன் மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது. அங்கே கடைசி ஆழ்சுரங்கம் 1997இல் மூடப்பட்டது. கரி யாருக்குச் சொந்தமாக இருந்தது, அதைத் தோண்டியவர்களை அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதில்தான் என் அக்கறை அதிகம். அதனால் கீழே உள்ள பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

மிட்லோதியன் எங்கே இருக்கிறது?

எடின்பரோவுக்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும். டல்கீத், போனிரிக், லோன்ஹெட், பெனிகுக், நியூட்டன்கிரேஞ்ச், கோர்பிரிட்ஜ் ஆகியவை அங்குள்ள முக்கிய ஊர்கள். இன்று அங்கிருந்து பலர் தினமும் எடின்பரோவுக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். கரி கிடைத்த பழைய நிலப்பகுதி இன்றைய மாவட்ட எல்லையோடு நிற்கவில்லை. இப்போது நகரத்துக்குள் வந்துவிட்ட கில்மெர்டன், நிட்ரி, நியூகிரெய்க்ஹால் பகுதிகளிலும் சுரங்கங்கள் இருந்தன.

அந்த இடத்தில் மட்டும் ஏன் இவ்வளவு கரி?

முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அது சதுப்புக்காடு. மட்கிய மரங்கள் மண்ணுக்கடியில் அழுந்திக் கரியாயின. பிறகு பூமி மடிந்ததில் கரிப் படிவங்கள் ஒரு படகின் அடிவயிறு போல வளைந்துவிட்டன. நடுப்பகுதியில் அவை ஆழத்தில் தட்டையாகக் கிடக்கின்றன. மேற்கு விளிம்பில், லோன்ஹெட், கில்மெர்டன் பக்கம், ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கின்றன. விளிம்பில் கரி தரைக்கே வந்துவிடுவதால் பழங்காலத்தில் மண்வெட்டியோடு போனவனுக்கும் அது கிடைத்தது. நடுவில் கிடந்த கரியை எடுக்க இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முதலில் தோண்டியவர்கள் யார்?

எழுத்தில் உள்ள சான்றுப்படி, துறவிகள். நியூபேட்டில் என்ற இடத்தில் 1140இல் நிறுவப்பட்ட சிஸ்டெர்சியன் மடத்துக்கு, பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கடற்கரைப் பக்கம் கரி எடுக்கும் உரிமை தரப்பட்டிருக்கிறது. பிரித்தானியத் தீவில் நிலக்கரியைப் பற்றிக் கிடைக்கும் பழைய ஆவணங்களில் இதுவும் ஒன்று. கரியை வைத்து அவர்கள் செய்த முக்கியமான வேலை உப்புக் காய்ச்சுவது. அந்தக் குளிர்நாட்டில் வெயிலை நம்பி உப்பளம் போட முடியாது. கடல்நீரைப் பெரிய இரும்புச் சட்டிகளில் ஊற்றிக் கரி மூட்டிக் கொதிக்க வைத்துத்தான் உப்பு எடுத்தார்கள். கடலோர ஊரான பிரெஸ்டன்பான்ஸின் பெயரிலேயே அந்தச் சட்டிகள் இருக்கின்றன. கரித் தொழிலாளியும் உப்புத் தொழிலாளியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டதற்கும் இதுதான் ஆரம்பம்.

சுரங்கத் தொழிலாளிகள் அடிமைகளாக இருந்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நம் ஊரில் கொத்தடிமை என்று சொல்வோமே, அதைச் சட்டமே செய்து வைத்தது. 1606இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பழைய முதலாளி கொடுத்த சீட்டு இல்லாமல் எந்தக் கரித் தொழிலாளியையும் உப்புத் தொழிலாளியையும் யாரும் வேலைக்கு வைக்கக் கூடாது. ஓடிப்போனவனை ஓர் ஆண்டும் ஒரு நாளும் முடிவதற்குள் முதலாளி திரும்பக் கேட்டால் ஒப்படைத்துவிட வேண்டும். ஓடியவன் திருடனாகக் கருதப்படுவான். எதைத் திருடினான் என்றால், தன்னையே! அவன் உடம்பு முதலாளியின் சொத்து என்பதுதான் அந்தச் சட்டத்தின் கணக்கு. சுரங்கம் கைமாறினால் தொழிலாளிகளும் அதோடு சேர்ந்து கைமாறினார்கள்.

குழந்தைகளைப் பிடித்த விதம் இன்னும் கொடுமை. ஞானஸ்நானத்தின்போது முதலாளி குழந்தையின் பெற்றோருக்கு ஓர் அச்சாரம் கொடுப்பார். வாங்கிக்கொண்டால் குழந்தையும் அந்தச் சுரங்கத்துக்கு உரியது. வீட்டில் பசி இருக்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? 1701இல் விசாரணையின்றிச் சிறையில் வைப்பதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தபோதும், கரித் தொழிலாளிகளுக்கும் உப்புத் தொழிலாளிகளுக்கும் அது பொருந்தாது என்று எழுதி வைத்தார்கள்.

1775இல் வந்த சட்டம் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களைச் சுதந்திரமானவர்கள் என்றது. பல தொழிலாளிகள் அடிமை நிலையில் இருக்கிறார்கள் என்று அதன் முகப்புரையே ஒப்புக்கொண்டது. ஏற்கெனவே கட்டுண்டு கிடந்தவர்களோ வயதைப் பொறுத்து 3 முதல் 10 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், அப்புறம் நீதிமன்றத்துக்குப் போய்த் தங்கள் விடுதலையைக் கேட்டு வாங்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத, முதலாளியிடம் கடன்பட்ட எத்தனை பேரால் அது முடிந்திருக்கும்? முழு விடுதலை 1799இல்தான் வந்தது. எடின்பரோ அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் அறிவுத் தலைநகரங்களில் ஒன்று. டேவிட் ஹியூமும் ஆடம் ஸ்மித்தும் அங்கேதான் பேசினார்கள், எழுதினார்கள். அவர்கள் குளிர்காய்ந்த ஊரின் கரியை அடிமைகள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை.

பெண்களும் குழந்தைகளும் சுரங்கத்துக்குள் என்ன வேலை செய்தார்கள்?

சுமந்தார்கள். ஆண் கரியை வெட்டுவான், அவனுடைய மனைவியும் மகள்களும் அதைக் கூடையில் அள்ளி முதுகில் ஏற்றி வெளியே கொண்டு வருவார்கள். கூடையைத் தாங்கும் வார் நெற்றியைச் சுற்றிப் போகும். குனிந்தபடியே தாழ்வான பாதையில் நடந்து, ஏணியிலோ சுழற்படியிலோ ஏற வேண்டும். ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் இந்த வழக்கம் பெரும்பாலும் ஒழிந்துபோன பிறகும் எடின்பரோவைச் சுற்றிய சுரங்கங்களில் அது நீடித்தது. வண்டிப்பாதை போடுவதைவிடப் பெண்ணின் முதுகு மலிவாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

1840களின் தொடக்கத்தில் அரசு ஓர் ஆணையத்தை அமைத்துச் சிறுவர் உழைப்பைப் பற்றி விசாரித்தது. கிழக்கு ஸ்காட்லாந்துக்கு வந்த ராபர்ட் ஃபிராங்க்ஸ் குழந்தைகளிடமே பேசி அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டார். 11 வயதுச் சிறுமி ஒருத்தி, அப்பா விடியற்காலை இரண்டு மணிக்குப் போவார், நான் பெண்களோடு ஐந்து மணிக்குப் போவேன், மாலை ஐந்து மணிக்குத்தான் மேலே வருவேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள் சுமந்தது வழக்கமாக ஓர் அந்தர், அதாவது ஏறக்குறைய 50 கிலோ. அவளுடைய எடையைவிட அது கூடுதலாகவே இருந்திருக்கும்.

1842இல் வந்த சட்டம் பெண்களும் 10 வயதுக்குட்பட்ட பையன்களும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடை செய்தது. நல்ல சட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் அன்று வேலை இழந்த பெண்களுக்கு வேறு பிழைப்பு எதையும் அது காட்டவில்லை. கணவன் இல்லாத பெண்களின் பாடு என்னவாயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிற்காலத்தில் பெண்கள் சுரங்கத்தின் மேல்தளத்தில், ஓடும் மேசைகளில் வரும் கரியிலிருந்து கல்லைப் பொறுக்கும் வேலைக்கு வந்தார்கள்.

கரி நகரத்துக்கு எப்படிப் போனது?

வெகுகாலம் வண்டியிலும் குதிரை முதுகிலும். 1831இல் டல்கீத் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து எடின்பரோவின் செயின்ட் லெனர்ட்ஸ் வரை ஒரு ரயில்பாதை திறக்கப்பட்டது. பெட்டிகளை இழுத்தவை குதிரைகள். கடைசியில் சுமார் அரைக் கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதையில் மட்டும் நிலையான நீராவி இயந்திரம் கயிறு கட்டி மேலே இழுத்தது. கரிக்காகப் போட்ட பாதையில் மறு ஆண்டே மக்களும் ஏறிக்கொண்டார்கள். ‘அப்பாவி ரயில்’ என்று அதற்குப் பெயர் வந்தது. இன்று அது சைக்கிள் பாதை. அந்தக் குகைக்குள் சைக்கிளில் போகலாம்.

எடின்பரோவுக்கு ‘ஆல்ட் ரீக்கி’ என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. பழைய புகைமூட்டக்காரி என்று சொல்லலாம். அந்தப் புகையைப் பற்றிப் பேசியவர்கள் நிறைய, கரியைக் கொண்டுவந்து போட்டவர்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

லேடி விக்டோரியா சுரங்கம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அளவு ஒரு காரணம். நியூபேட்டில் மடத்து நிலம் மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு கெர் குடும்பத்துக்குப் போய், அவர்கள் லோதியன் பிரபுக்களானார்கள். 1890இல் அந்தப் பிரபுவின் சுரங்கங்களும் ரோஸ்வெல் பக்கம் ஆர்ச்சிபால்ட் ஹூட் நடத்திய சுரங்கமும் இணைந்து லோதியன் கரி நிறுவனம் உருவானது. உடனே நியூட்டன்கிரேஞ்சில் புதிய குழி தோண்டத் தொடங்கினார்கள். சுமார் 500 மீட்டர் ஆழம், 6 மீட்டர் அகலம், சுற்றிலும் செங்கல் கட்டு. பிரபுவின் மனைவி பெயரையே அதற்கு வைத்தார்கள். 1890களின் நடுவில் கரி வெளிவரத் தொடங்கியது. 1981இல் மூடும்வரை ஏறக்குறைய 4 கோடி டன் எடுத்திருக்கிறார்கள்.

கூண்டை ஏற்றி இறக்கியது கில்மார்னக்கில் செய்த ஒரு நீராவி இயந்திரம். ஸ்காட்லாந்திலேயே பெரிய சுரங்க ஏற்றப்பொறி அது. பொறியை இயக்குபவருக்குக் கூண்டு கண்ணில் படாது. மணியோசையையும் ஆழம் காட்டும் முள்ளையும் நம்பி, கீழே போகும் ஆட்களின் உயிரைக் கையில் பிடித்திருப்பார். அந்தப் பொறி இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

நியூட்டன்கிரேஞ்ச் முழுக்க நிறுவனத்தின் ஊரா?

ஏறக்குறைய முழுக்க. உள்ளூரார் ‘நிட்டன்’ என்பார்கள். நிறுவனம் வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள் கட்டியது. தெருக்களுக்குப் பெயர் வைக்கக்கூட மெனக்கெடவில்லை: முதல் தெரு, இரண்டாம் தெரு, மூன்றாம் தெரு என்று எண்தான். ஸ்காட்லாந்தின் மிகப்பெரிய சுரங்கக் கிராமம் என்று பெயர் வாங்கியது. வீடு நிறுவனத்துடையது என்பதால் வேலை போனால் கூரையும் போகும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு ஊரை ஆண்டவர் முங்கோ மக்கே என்ற மேலாளர். பல பத்தாண்டுகள், 1939இல் இறக்கும்வரை, அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய அறையில் பச்சைத் துணி விரித்த மேசை ஒன்று இருந்தது. தோட்டத்தைச் சரியாக வைத்துக்கொள்ளாதவனும் மகனைச் சுரங்கத்துக்கு அனுப்பாதவனும் அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். ‘பச்சை மேசைக்குக் கூப்பிட்டிருக்கிறார்’ என்றாலே வீட்டில் எல்லோருக்கும் வயிறு கலங்கும். ஊர் சுத்தமாக இருந்தது, வீடுகள் மற்ற சுரங்க ஊர்களைவிட நன்றாக இருந்தன என்று அவரை மெச்சியவர்களும் உண்டு. 1606இன் சட்டம் போய் நூறாண்டுக்கு மேலான பிறகும், மகன் எங்கே வேலை செய்ய வேண்டும் என்று வேறொருவர் தீர்மானித்ததை என்னால் மெச்ச முடியவில்லை.

ஒரு மதுக்கடைதான் ஊருக்குப் பூங்கா கட்டித் தந்தது என்பது சரியா?

சரிதான். 1899இல் திறந்த டீன் டேவர்ன். ஸ்வீடனின் கோத்தென்பர்க் நகரத்திலிருந்து வந்த முறை: பங்குதாரர்களுக்கு வருடத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் கிடைக்காது, மீதி லாபம் ஊருக்கு. பூங்கா, விளையாட்டுத் திடல், சினிமாக் கொட்டகை, வீடு வீடாகப் போகும் செவிலி என்று அந்தப் பணம் பல வழிகளில் திரும்பி வந்தது. கடை இன்றும் நடக்கிறது. இதே ஊரில் நியூட்டன்கிரேஞ்ச் ஸ்டார் கால்பந்துக் குழு 1890இலிருந்து ஆடுகிறது. பித்தளை வாத்தியக் குழுவும் உண்டு.

மிக மோசமான விபத்து எது?

பெனிகுக்கை அடுத்த மாரிஸ்வுட் சுரங்கத்தில், 1889 செப்டம்பர் 5. உள்ளே தீப்பிடித்தது. ஆண்களும் பையன்களுமாக 63 பேர் இறந்தார்கள். உடல்கள் எல்லாவற்றையும் வெளியே எடுக்கவே பல மாதங்கள் ஆயின. ஒரே நாளில் ஒரு சிறிய ஊரில் 63 பேர் என்றால், துக்கம் கேட்கப் போவதற்கு எந்த வீடு மிஞ்சும்?

ஆனால் சுரங்கச் சாவுகளில் பெரும்பாலானவை இப்படிச் செய்தியில் வந்தவை அல்ல. கூரை இடிந்து ஒருவர், வண்டி மோதி ஒருவர் என்று ஒவ்வொன்றாகப் போனவைதான் அதிகம். நுரையீரலில் தூசி படிந்து, ஓய்வு பெற்ற பிறகு மூச்சுவிட முடியாமல் வீட்டில் இறந்தவர்கள் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

அரசு எடுத்துக்கொண்ட பிறகு என்ன மாறியது?

1947 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் சுரங்கங்கள் தேசிய நிலக்கரி வாரியத்தின் கைக்கு வந்தன. மிட்லோதியனில் அது நம்பிக்கையான காலம். லோன்ஹெட்டில் பில்ஸ்டன் கிளென், எடின்பரோ எல்லையில் மாங்க்டன்ஹால் என்று இரண்டு பெரிய சுரங்கங்களை 1950களில் தோண்டத் தொடங்கினார்கள். மாங்க்டன்ஹால் 900 மீட்டருக்கும் ஆழம். படகின் அடிவயிறு என்று சொன்னேனே, அங்கே கிடந்த கரிக்காகத்தான். மேற்கே லானர்க்‌ஷயரில் கரி தீர்ந்துகொண்டிருந்ததால் அங்கிருந்து குடும்பம் குடும்பமாக இங்கே வந்தார்கள். மேஃபீல்ட் போன்ற புதுக் குடியிருப்புகள் அப்படிப் பெருகின.

1984–85 வேலைநிறுத்தத்தில் இங்கே என்ன நடந்தது?

சுரங்கங்களை மூடும் திட்டத்தை எதிர்த்து 1984 மார்ச்சில் தொடங்கிய போராட்டம் ஓராண்டு நீண்டது. ஸ்காட்லாந்தில் வேலைக்குத் திரும்பியவர்கள் அதிகம் இருந்த சுரங்கம் பில்ஸ்டன் கிளென் என்பதால் மறியலும் போலீசோடு மோதலும் அதன் வாசலில்தான் கடுமையாக இருந்தன. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று குடும்பங்கள் உடைந்தன. ஊர் மண்டபங்களில் பெண்கள் பொதுச் சமையல் நடத்தி எல்லோருக்கும் சோறு போட்டார்கள்.

ஸ்காட்லாந்து முழுவதும் சுமார் 1,400 பேர் கைதானார்கள். 500 பேருக்கு மேல் தண்டனை பெற்றார்கள். 200க்கும் மேற்பட்டவர்கள் வேலையை இழந்தார்கள். அமைதியைக் குலைத்தார்கள் என்பது போன்ற சிறு குற்றச்சாட்டுகள்தான் பெரும்பாலும். 2022இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கிச் சட்டம் நிறைவேற்றியது. இழப்பீடு அதில் இல்லை. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள். பில்ஸ்டன் கிளென் 1989இல் மூடப்பட்டது.

தொழிலாளிகளே ஒரு சுரங்கத்தை எடுத்து நடத்தினார்களாமே?

ஆமாம், மாங்க்டன்ஹால். 1987இல் வாரியம் அதை நிறுத்தி வைத்தது. 1992இல் சுரங்கத் தொழிலாளிகள் கூட்டாகச் சேர்ந்து, ஆளுக்கு 10,000 பவுண்டு போட்டு அதை மீண்டும் திறந்தார்கள். பலருக்கு அது வேலை இழந்தபோது கிடைத்த பணம், அல்லது வாங்கிய கடன். அவ்வளவு ஆழமான சுரங்கத்துக்குத் தேவையான முதலீடு அவர்களிடம் இல்லை, கரி விற்கும் சந்தையும் அவர்கள் பக்கம் இல்லை. 1997இல் மூட வேண்டியதாயிற்று. தோல்விதான். இருந்தாலும் துறவிகள், பிரபுக்கள், நிறுவனம், அரசு என்று கைமாறி வந்த அந்தக் கரி, கடைசியில் சில ஆண்டுகளாவது அதை வெட்டியவர்களுக்குச் சொந்தமாக இருந்தது.

மூடியதோடு சுரங்கங்களின் தொல்லை முடிந்ததா?

இல்லை. கோர்பிரிட்ஜில் பழைய சுரங்கத்தின் மேல் கட்டப்பட்ட புதிய வாடகை வீடுகளில் 2013–14இல் மக்களுக்குத் தலைவலியும் மயக்கமும் வந்தன. காரணம், கீழிருந்து கசிந்த கரியமில வாயு. கைவிட்ட சுரங்கத்துக்குள் மிச்சக் கரியும் மரமும் காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். வெளியே காற்றழுத்தம் குறையும் நாளில் அந்தக் கெட்ட காற்று விரிசல்கள் வழியே மேலே வரும். பழைய சுரங்கத் தொழிலாளிகள் ‘பிளாக் டேம்ப்’ என்று பெயர் வைத்துப் பயந்தது இதைத்தான். அந்த வீடுகளின் தளத்துக்குக் கீழே வாயுவைத் தடுக்கும் விரிப்பு இல்லை. 64 வீடுகளையும் இடித்துவிட்டார்கள்.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

1969இல் மூடப்பட்ட ரயில்பாதையின் ஒரு பகுதி 2015 செப்டம்பரில் மீண்டும் திறந்தது. எடின்பரோ வேவர்லி நிலையத்தில் ஏறினால் அரை மணிக்குள் நியூட்டன்கிரேஞ்ச். வழியில் வரும் ஷாஃபேர் என்ற புதிய நகரம், மாங்க்டன்ஹால் சுரங்கம் இருந்த பக்கத்தில் எழும்பி வருகிறது. நியூட்டன்கிரேஞ்சில் இறங்கியதுமே லேடி விக்டோரியாவின் செங்கல் கட்டடங்கள் தெரியும். 1984இலிருந்து அது அருங்காட்சியகம், இப்போது ஸ்காட்லாந்தின் தேசியச் சுரங்க அருங்காட்சியகம். ஏற்றப்பொறியைக் கட்டாயம் பாருங்கள், கல் பொறுக்கிய மேசைகளையும் விட்டுவிடாதீர்கள்.

பக்கத்திலேயே நியூபேட்டில் மடம் இருந்த இடம். லோதியன் பிரபு ஒருவர் கொடுத்ததால் அங்கே 1937இல் கல்லூரி வந்தது, சிறுவயதில் படிக்க வாய்ப்பில்லாத பெரியவர்களுக்காக. நேரம் இருந்தால் அங்கும் போய்விட்டு, எண் போட்ட தெருக்கள் வழியாகவே நிலையத்துக்குத் திரும்புங்கள். வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். முன்னால் தோட்டங்கள் இருக்கின்றன. அவற்றை எப்படி வைத்துக்கொள்வது என்பது இப்போது அவரவர் விருப்பம்.